மிச்ச 2400 எங்கே?

கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டில், வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கிற ராம் செருகப் பெரும்பாலும் நான்கு ஸ்லாட் வைத்திருப்பார்கள். நான்கையும் நிரப்பினால் ராம் பெட்டியில் அச்சடித்திருக்கிற வேகம் பெரும்பாலும் கிடைக்காது. இதை மதர்போர்டின் பெட்டி சொல்வதில்லை, ராமின் பெட்டி சொல்வதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. ப்ராசசர் கம்பெனியின் தளத்தில், வாங்குகிற யாரும் போய்ப் பார்க்காத பக்கத்தில், நாலு வரி அட்டவணையாக இருக்கிறது. அசெம்பிள் செய்து பழகியவர்கள் "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், சரி. கும்பகோணத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் என் அத்தை மகன். மச்சான் பத்து வருடம் ஓட்டிய பழைய மெஷின் 4கே வீடியோவைத் திறந்தாலே மூச்சு வாங்கியது. தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் புதிது வேண்டும் என்று சென்னைக்கு வந்து, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 9 7900 ப்ராசசர், 64 ஜிபி ராம் என்று எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ராமை ஸ்லாட்டில் செருகுகிற சின்னப் பலகைக்கு ஸ்டிக் என்று பெயர். 64 ஜிபிக்கு நேர் வழி 32 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஆனால் அது ராம் விலை தறிகெட்டு ஏறியிருந்த நேரம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப்பெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மைக்ரான் கம்பெனி, சில்லறை வியாபாரத்துக்கென்று வைத்திருந்த க்ரூசியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்திருந்தது. கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: "16 ஜிபி ஸ்டிக் ரெண்டு ரெண்டா போட்ட கிட், பழைய விலைக்கு ரெண்டு பாக்கெட் கிடக்குண்ணே. நாலும் ஒரே மாடல், ஒரே கம்பெனி. 6000 ஸ்பீடு. ஒண்ணும் ஆகாது." மச்சானுக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்கும் படும். கடையிலேயே அசெம்பிள் செய்து, விண்டோஸ் போட்டு, விண்டோஸுக்கு முன்னால் எழுகிற போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்போவை, அதாவது ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டுகிற ஏற்பாட்டை, ஆன் செய்து கொடுத்தார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 6000 என்று காட்டியது. அதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

தாலிகட்டுப் படம்

தை முழுக்க மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஓடியது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எப்போதாவது ப்ரௌசரில் ஒரு டேப் செத்துப்போகும். எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்போர்ட் நடக்கும்போது மூடிக்கொள்ளும். புது மென்பொருள், புது விண்டோஸ், அப்டேட் வந்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாசியில் ஒருநாள் மதியம் மச்சானிடமிருந்து போன். "மாப்ள, தாலி கட்ற படம் பாதி ரோஸ் கலரா வருது. கேமரா போயிடுச்சா?" என்றார்.

படத்தை அனுப்பச் சொன்னேன். மேல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் முகம், பின்னால் நாதஸ்வரக்காரர், அட்சதை போடத் தூக்கிய கைகள், எல்லாம் இருந்தன. மாப்பிள்ளையின் மார்புக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து படம் முழுவதும் இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்து, ரோஸும் பச்சையுமாகக் குழம்பியிருந்தது. பெண்ணின் கழுத்து ஓரிடத்தில், தாலி முடிச்சு வேறோர் இடத்தில். ஜேபெக் படம் கெட்டால் இப்படித்தான் கெடும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு முந்தைய பகுதியை நம்பி எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினால்கூட அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பாக வாசிக்கப்படலாம்.

அதே படத்தை மெமரி கார்டிலிருந்து நேராகத் திறந்தால் ஒரு குறையும் இல்லை. மறுபடி காப்பி செய்தால் நகலும் நன்றாக வந்தது. அதற்குப் பதிலாக, முன்பு நன்றாக இருந்த வேறொரு படம் கெட்டது. இந்த இடத்தில் மச்சானின் சந்தேகம் கேமராவிலிருந்து கார்டுக்கும், கார்டிலிருந்து கார்டு ரீடருக்கும் நகர்ந்தது. புது ரீடர் வாங்கினார். மாறவில்லை. ஸ்டுடியோவுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் வந்து, எர்த் சரியில்லை என்றார். நம் ஊரில் எந்த மின்சாதனம் தகராறு செய்தாலும் முதல் குற்றவாளி எர்த்துதான். அதையும் சரிசெய்தார்கள். பிறகு பக்கத்துத் தெரு சர்வீஸ் பையன் வந்து, நான்கு ஸ்டிக்கையும் கழற்றி, அழிரப்பரால் பொன்முலாம் பூசிய விளிம்பைத் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினான். பழைய மெஷின்களில் இந்த வைத்தியம் உண்மையாகவே வேலை செய்யும். வருடக்கணக்கில் படிந்த அழுக்கால் தொடுமுனை சரியாகப் படியாமல் போயிருக்கும். பெட்டி பிரித்து இரண்டு மாதம் ஆகாத ராமுக்கு அது அழகு நிலையம் மட்டுமே.

இப்படி ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ராம் கெட்டால் "ராம் கெட்டது" என்று எந்த மெஷினும் சொல்லாது. ராம் வழியாகப் போகாத தரவு கம்ப்யூட்டரில் கிடையாது என்பதால், கெட்ட ராம் எல்லோருடைய வேஷத்தையும் போட்டுக்கொள்ளும். டிஸ்க் மாதிரி தெரியும், விண்டோஸ் மாதிரி தெரியும், வைரஸ் மாதிரி தெரியும். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நடந்தது. அவருடைய மெஷினில், எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுகிற கம்பைல் வேலைகள் காரணமில்லாமல் நடுவில் முறிந்துகொண்டிருந்தன. மென்பொருள் பிழையாக இருக்குமோ என்று தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பார்த்தால் ராம் ஸ்டிக் ஒன்று கெட்டிருந்தது. அவருக்கே அந்தக் கதி என்றால் சர்வீஸ் பையன் அழிரப்பரை எடுத்ததில் தப்பே இல்லை.

ஒரே கோப்பு, இரண்டு விடை

அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போனேன். மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துப் போயிருந்தேன். விண்டோஸ் இல்லாமல் தானே எழுந்து, ராமின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கிற மென்பொருள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 64 ஜிபிக்கு அது ஒரு ராத்திரி வேலை. ஸ்டுடியோவை மூடிவிட்டு, எடிட்டிங் அறையில் ஏசி ஓட, அதை ஓடவிட்டு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் திரையில் பச்சை எழுத்தில் பாஸ். பிழை பூஜ்யம். மச்சான் நிம்மதியானார். "அப்ப ராம் இல்ல. நான் கேமராவையே சர்வீஸுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

எனக்கு அந்தப் பச்சை எழுத்தில் நம்பிக்கை வரவில்லை. பாஸ் என்றால், அந்த ராத்திரியில், அந்தக் குளிரில் பிழை வரவில்லை என்பது மட்டும்தான் பொருள். வேறு எப்படிச் சோதிப்பது என்று யோசித்தபோதுதான் ஹாஷ் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும், ஷா-256 என்ற கணக்கு அதை முழுவதும் படித்து 64 எழுத்துள்ள ஒரு விடையைத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்தக் கணக்கைப் போட விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. ஆக, ஒரே கோப்புக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வர வேண்டும்.

இதில் ஒரு பொடி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் ஒரு கோப்பைப் படித்துவிட்டால், மறுபடி கேட்பார்களோ என்று அதை ராமிலேயே வைத்துக்கொள்ளும். சின்னக் கோப்பாக இருந்தால் இரண்டாம் முறை டிஸ்க்குக்கே போகாமல், ராமில் கிடப்பதையே எடுத்துக் கணக்குப் போடும். கெட்டுக் கிடந்தால் கெட்ட விடையே இரண்டாம் முறையும் வரும், நாமும் சரி என்று நினைத்துக்கொள்வோம். அதனால் ராமின் அளவைவிடப் பெரிய கோப்பு வேண்டும். மச்சானிடம் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு கல்யாணத்தின் மொத்த வீடியோவையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்த பேக்கப் கோப்பு 100 ஜிபிக்கு மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். ஏசியை அணைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதையும் வெளிச்சம் வரக்கூடாதென்று அட்டை வைத்து அடைத்திருப்பார்கள்.

முதல் விடை வந்தது. காகிதத்தில் முதல் எட்டு எழுத்தை எழுதி வைத்தேன். இரண்டாவது விடையும் அதேதான். மச்சான் எழுந்து டீ சொல்லப் போனார். அடுத்த விடை முதல் எழுத்திலேயே வேறாக இருந்தது. கோப்பை யாரும் தொடவில்லை, டிஸ்க்கில் யாரும் எழுதவில்லை. மறுபடி ஓட்டினேன். முந்தைய இரண்டிலும் சேராத இன்னொரு விடை. டீயுடன் வந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எது கரெக்ட்டு?" என்று கேட்டார். அதே டிஸ்க்கைக் கழற்றி அவருடைய பழைய லேப்டாப்பில் மாட்டி ஓட்டினோம். அது மெதுவாக, ஆனால் கேட்ட போதெல்லாம் முதல் விடையையே தந்தது. டிஸ்க் நிரபராதி, கோப்பு நிரபராதி. புது மெஷினுக்கு ஒன்றைப் படித்து அப்படியே சொல்லத் தெரியவில்லை.

மச்சானின் முகம் மாறியது அப்போதுதான். மெஷின் நடுவில் நின்றுபோவதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. நிற்காமல், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், நன்றாக இருந்த கோப்பைக் கெடுத்து எழுதிவிட்டு "காப்பி முடிந்தது" என்று சொல்கிறதே, அதுதான் அவரைக் கலக்கியது. தாலிகட்டை இன்னொரு முறை எடுக்க முடியாது.

குற்றவாளி இல்லாத குற்றம்

அப்புறம் மெம்டெஸ்டை ஏசி இல்லாமல் பகலிலேயே ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வரியிலும் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று எழுதியிருக்கும். 8 வர வேண்டிய இடத்தில் 0. அவ்வளவுதான், ஒரே ஒரு பிட். நான் அதைவிட முக்கியமாகப் பார்த்தது முகவரிகளை. ஒரு சிப் கெட்டிருந்தால் பிழை பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வரும். இங்கே பிழைகள் 64 ஜிபி முழுக்கச் சிதறிக் கிடந்தன. இது ஒரு ஸ்டிக்கின் நோய் மாதிரி தெரியவில்லை.

ஒவ்வொரு பாக்கெட்டாகச் சோதித்தோம். முதல் கிட்டின் இரண்டு ஸ்டிக்கை மட்டும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் வருகிற ஸ்லாட்டுகளில் போட்டேன். இரண்டு ஸ்டிக் என்றால் அங்கேதான் போட வேண்டும். ராமை மாற்றியதும் மெஷின் திரை கறுப்பாகவே நிற்கும், போர்டில் ராமுக்கான சிறிய விளக்கு மட்டும் எரியும். டிடிஆர்5 என்கிற இந்தத் தலைமுறை ராமில் இது சாதாரணம். ப்ராசசர் ஒவ்வொரு கம்பியிலும் எந்தக் கணத்தில் கேட்டால் சரியாகக் கேட்கும் என்று பழகிக்கொள்கிற நேரம் அது. சில நிமிடம்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். மச்சானின் கையை பவர் பட்டனிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் கிட் 6000இல் வெயிலிலும் சுத்தம். இரண்டாவது கிட்டும் 6000இல் சுத்தம். நான்கையும் சேர்த்தால் சிவப்பு. எந்த ஸ்டிக்கும் கெடவில்லை, மதர்போர்டு கெடவில்லை, ப்ராசசரும் கெடவில்லை. ஆனால் படம் கெடுகிறது. கடைசியாக நான்கையும் வைத்துக்கொண்டே எக்ஸ்போவை அணைத்துப் பார்த்தேன். மெஷின் எழுந்தது. பயாஸில் வேகம் 3600 என்றிருந்தது. நான் எதுவும் எழுதவில்லை, போர்டு தானாக எடுத்துக்கொண்ட எண் அது. அதாவது போர்டுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மச்சானிடம்தான் யாரும் சொல்லவில்லை.

ஏஎம்டியின் தளத்தில் ப்ராசசரின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு ஸ்டிக் என்றால் 5200. நான்கு ஸ்டிக் என்றால் 3600. இன்டெலும் இதற்கு விலக்கில்லை. அவர்களின் முதல் டிடிஆர்5 தலைமுறையான 12ஆம் தலைமுறையில், நான்கு ஸ்டிக் போட்டால் ஸ்டிக்கின் உள் அமைப்பைப் பொறுத்து 4000 அல்லது 3600தான். 6000 என்பது இந்த அட்டவணையில் எங்குமே இல்லை. எக்ஸ்போ, இன்டெல் பக்கத்தில் எக்ஸ்எம்பி, இரண்டும் அளவு மீறி ஓட்டுவதற்கான ஏற்பாடுகள். அளவு மீறி ஓட்டினால் ப்ராசசருக்கு வாரண்டி செல்லாது என்று ஏஎம்டி அடிக்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறது.

ஏன் நான்கில் இவ்வளவு விழுகிறது என்பதற்குக் காரணம் எளியதுதான். நான்கு ஸ்லாட் இருந்தாலும் இந்த ப்ராசசர்களுக்கு ராமோடு பேச இரண்டு வழித்தடம்தான் உண்டு. ஒரு தடத்தில் இரண்டு ஸ்லாட் தொங்குகின்றன. 6000 என்றால் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் விநாடிக்கு 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 167 பிக்கோவிநாடி. பிக்கோவிநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 5 செண்டிமீட்டர்தான் போகும். போர்டின் செம்புத் தடத்தில் அதில் பாதி. ப்ராசசருக்கும் ஸ்லாட்டுக்கும் இடையில் அதைவிடத் தூரம் அதிகம், ஆகவே ஒரு பிட் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பிட்டுகள் பின்னாலேயே கிளம்பிவிடும். தடத்தில் இன்னொரு ஸ்டிக் நின்றால் சமிக்ஞையில் ஒரு பங்கு அதில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வருகிற பிட்டோடு கலக்கும். கோயிலின் கல் மண்டபத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் எதிராளிக்குப் புரியும், வேகமாகப் பேசினால் எதிரொலியே சொல்லை விழுங்கிவிடும். அதேதான் இங்கேயும். 3600இல் ஒவ்வொரு பிட்டும் எதிரொலி அடங்கும்வரை நிற்க நேரம் இருக்கிறது.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நான்கு ஸ்டிக் இடைவெளியில்லாமல் நெருக்கி நிற்கும்போது நடுவிலுள்ளவற்றுக்குக் காற்று போகாது. ராம் சிப்பின் ஒவ்வொரு அறையும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு துளி மின்னூட்டமும்தான். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1960களில் கண்டுபிடித்த அதே அமைப்பு. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், டிடிஆர்5இல் சாதாரணமாக 32 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எல்லா அறைகளையும் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். கம்பியில் ஏற்கெனவே நூலிழையில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு இந்தச் சூடே போதும். ராத்திரி ஏசியில் பாஸான மெஷின் மதியம் ஃபெயிலானதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

யார் கொடுத்த வாக்கு

கடைக்குப் போன் செய்தோம். நான்கு ஸ்டிக்கையும் கொண்டுவந்தால் செக் பண்ணித் தருவோம் என்றார்கள். எப்படிச் செக் செய்வார்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டு. ஒவ்வொன்றும் பாஸாகும் என்பது எங்களுக்கே தெரியும். "அப்ப ராம்ல ஃபால்ட் இல்லையேண்ணே, எப்படி மாத்த முடியும்?" என்றார். அவர் சொல்வது சரி. ராம் கம்பெனியைக் கேட்டால், ஒரு பாக்கெட்டில் இருக்கிற இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் சோதித்து விற்கிறோம், இரண்டு பாக்கெட்டைக் கலந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி. மதர்போர்டு கம்பெனி, எந்த ராம் எங்கள் போர்டில் எந்த வேகத்தில் ஓடும் என்று பட்டியல் வைத்திருக்கிறோமே என்பார்கள். வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த மாடலுக்கு நேரே இரண்டு ஸ்டிக் என்ற கட்டத்தில் மட்டும் டிக் இருந்தது. ப்ராசசர் கம்பெனி அட்டவணையைக் காட்டும். நான்கு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நான்கு உண்மையையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்க வேண்டிய வேலை மட்டும் காசு கொடுத்தவருடையது.

"6000க்குத்தானே காசு வாங்கினான்? 3600ல ஓடுதுன்னா மிச்ச 2400 எங்க?" என்று மச்சான் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. அந்த எண் பெட்டியின் முகப்பில், தொலைவிலிருந்தே தெரிகிற அளவில் இருக்கிறது. அதற்குரிய நிபந்தனைகள் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் மூன்று வெவ்வேறு தளங்களில் இருக்கின்றன. போர்டில் நான்கு ஸ்லாட்டை அருகருகே வைத்து, "இங்கே போடு" என்று பொருத்தமான நிறமும் தீட்டிவிட்டு, நிரப்பினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் அச்சடிக்க இடமில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். அந்த போர்டில் கம்பெனியின் முத்திரைப் படத்துக்கும் ஒளிரும் விளக்குக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "டிடிஆர்5ல இசிசி உள்ளயே இருக்குண்ணே, எரர் வந்தா அதுவே சரி பண்ணிக்கும்." பாதி உண்மை. டிடிஆர்5 சிப்புக்குள் பிழைதிருத்தும் அமைப்பு இருக்கிறது. அது சிப்புக்குள்ளே அறைகளில் நடக்கிற பிழையை மட்டும் பார்க்கும். சிப்பைவிட்டு வெளியே வந்து, கம்பி வழியே ப்ராசசருக்குப் போகிற பாதையில் நடப்பது அதற்குத் தெரியாது. எங்களுக்குக் கெட்டது அந்தப் பாதையில்தான். பாதையையும் சேர்த்துக் காவல் காக்கிற உண்மையான இசிசி ராம் சர்வர்களில் இருக்கிறது. மேஜைக் கணினிக்கு வேண்டுமென்றால் தேடிப்பிடித்து அதிக விலை கொடுக்க வேண்டும். கூகுளின் சர்வர்களை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டு ஸ்டிக்குக்கு மேல் குறைந்தது ஒரு பிழையையாவது காட்டின என்று இருந்தது. அந்த சர்வர்களில் எண்ணுவதற்கு இசிசி இருந்தது, எண்ணினார்கள். நம் மேஜைக்கடியில் இருக்கிற மெஷின்களில் எண்ண ஆளில்லை.

3600

கடைசியில் நான்கையும் 3600இலேயே விட்டுவிட்டோம். 5200இல் வைத்துப் பார்த்தேன், மதியத்தில் சிவப்பு வந்தது. 4800இல் பகல், இரவு இரண்டிலும் சுத்தம். இதைப் படிக்கிற சிலர், 4800இல் விட்டிருக்கலாமே, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, டைமிங்கைத் தளர்த்தினால் 5600கூட வரும் என்பார்கள். வரலாம். விளையாட்டுக்கு மெஷின் வைத்திருப்பவர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்யலாம். மச்சானின் மெஷினில் நான் செய்ய மாட்டேன். 4800 மாசியில் பாஸானது, கத்திரி வெயில் இன்னும் வரவில்லை. 3600 ஒன்றுதான் நான்கு ஸ்டிக்குக்கு ஒரு கம்பெனி தன் பெயரைப் போட்டு எழுதிக்கொடுத்திருக்கிற எண். வேலையில் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரே வீடியோவை இரண்டு வேகத்திலும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தோம். வித்தியாசம் மச்சான் பொருட்படுத்துகிற அளவில் இல்லை. அவருக்கு வேண்டியது 64 ஜிபி. அது முழுசாக இருக்கிறது. 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கி மாற்றலாமா என்று விலை விசாரித்தார், அன்றைய விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. தை பிறந்ததிலிருந்து இந்த மெஷின் வழியாகப் போன கல்யாணம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நல்லவேளையாக மச்சானின் கேமரா ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும். ஆல்பம் கைக்குக் கொடுக்கும்வரை இரண்டாவது கார்டை அழிக்காமல், கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருப்பார். அதை அவருடைய அப்பா ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்களுக்குச் செய்துகொண்டிருந்தார். அந்தக் கார்டுகளை எடுத்து, லேப்டாப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எடுத்து, டிஸ்க்கில் இருப்பதோடு ஒப்பிடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பெரும்பாலும் பொருந்தின. அங்கங்கே ஒன்று பொருந்தவில்லை. சிலவற்றைத் திறந்தால் அதே ரோஸ் பட்டை. சிலவற்றில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பந்திப் படத்தில் வாழை இலையின் ஓரத்தில் ஏதோ ஒரு புள்ளி மாறியிருக்கலாம். எல்லாவற்றையும் கார்டிலிருந்து மறுபடி எடுத்து வைத்தோம்.

ஒரு கல்யாணத்துக்கு மட்டும் ஆல்பம் கொடுத்தாகிவிட்டதால் கார்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தது. ஒப்பிட மூலம் இல்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கொடுத்த பென்டிரைவில் ஏதாவது படம் சரியில்லாமல் இருந்தால் சொல்லுங்கள், சரிசெய்யப் பார்க்கிறேன் என்று தானே சொன்னார். இப்போது புதுக் கார்டு வந்தால் சரிபார்த்துக் காப்பி செய்கிற மென்பொருள் வழியாகத்தான் இறக்குகிறார்கள். ஸ்டுடியோவில் வேலை செய்கிற பையனுக்கு அதில் எரிச்சல், இரண்டு மடங்கு நேரம் ஆகிறதாம்.